சியாட்டிகா: இடுப்புல ஆரம்பிச்சு கால் விரல் வரைக்கும்

‘மச்சான், இடுப்புல இருந்து கால் வரைக்கும் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்குடா.’

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகிற ஒருத்தர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் இந்த வசனத்தைக் கண்டிப்பா கேட்டிருப்பீங்க. கேட்டவுடனே நாலு பேர் நாலு வைத்தியம் சொல்வார்கள். ‘வாயு பிடிச்சிருக்கும், பூண்டு சாப்பிடு’ என்பார் ஒருவர். ‘நரம்பு சுத்திக்கிச்சு, நீவி விட்டா சரியாயிடும்’ என்பார் இன்னொருவர். ‘டிஸ்க் விலகிடுச்சா? அப்போ ஆபரேஷன்தான்’ என்று பயமுறுத்துவார் மூன்றாமவர். ‘ஒரு ஊசி போட்டுட்டு நைட் ஷிஃப்ட்டுக்கு வந்துடு’ என்பார் லைன் லீடர்.

இந்த வலிக்குப் பெயர் சியாட்டிகா. இதைப் பற்றி முதலில் தெரிஞ்சுக்க வேண்டியது ஒரு நல்ல செய்தி: பெரும்பாலானவர்களுக்கு இது கத்தி படாமலே குணமாகிறது. அதற்கு உடம்பு கேட்பது இரண்டே விஷயம். ஒன்று நேரம், சில வாரங்கள். இன்னொன்று அசைவு. கெட்ட செய்தி என்னவென்றால், நம்ம காரிடாரில் லைன் வேலை பார்க்கிற ஒருவருக்குச் சுலபமாகக் கிடைக்காதவையும் இந்த இரண்டுதான். லீவு போட்டால் அட்டெண்டன்ஸ் போனஸ் போகும். லைனில் நின்றால் ஒரே இடத்தில் ஒரே அசைவு.

ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்க ஆரம்பித்தது 1998-ல். அப்போது 20 வயசில் இந்தப் பக்கம் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இப்போது 50 நெருங்குகிறது. ஒரகடத்தில் பெரிய வாகனத் தொழிற்சாலைகள் 2010-க்குப் பிறகு வந்தன. அப்போது சேர்ந்தவர்கள் 30-களின் நடுவில் இருக்கிறார்கள். டிஸ்க் பிரச்சினை அதிகமாக வருவது 30 முதல் 50 வயதுக்குள். அதாவது இந்தப் பகுதியின் முதல் தலைமுறைத் தொழிலாளர்கள் சரியாக அந்த வயதுக்குள் இருக்கிறார்கள். அவர்கள் வேலை செய்யப்போகும் லைனை டிசைன் பண்ணப்போவது நாம். அதனால இது டாக்டர்கள் மட்டும் படிக்க வேண்டிய பாடம் இல்லை.

நரம்பு எங்கே இருக்கு?

நம் உடம்பிலேயே தடிமனான நரம்பு சியாட்டிக் நரம்புதான். ஆரம்பிக்கும் இடத்தில் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் அகலம் இருக்கும், கிட்டத்தட்ட உங்கள் கட்டைவிரல் அகலம். கீழ் முதுகில் எல்4, எல்5, எஸ்1, எஸ்2, எஸ்3 என்று ஐந்து இடங்களிலிருந்து வரும் நரம்பு வேர்கள் ஒன்று சேர்ந்து இந்த நரம்பாகின்றன. மெயின் கேபிளில் ஐந்து ஒயர் சேருகிற மாதிரி நினைச்சுக்கோங்க. அது புட்டத்துக்குள் இருக்கும் பிரிஃபார்மிஸ் என்ற சின்னத் தசைக்குக் கீழே வெளியே வந்து, தொடையின் பின்பக்கமாக இறங்கி, முட்டிக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிந்து பாதம் வரை போகிறது.

கேபிளில் எங்கே அடிபட்டாலும் பல்ப் எரியாதது கடைசி முனையில்தான் தெரியும். அதே மாதிரி, பிரச்சினை இடுப்பில் இருந்தாலும் வலி தெரிவது கெண்டைக்காலிலும் பாதத்திலும். அதனால்தான் பலர் காலுக்கு ஆயின்மென்ட் தடவிக்கொண்டே மாதக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள்.

சியாட்டிகா என்பது நோயின் பெயர் இல்லை, அறிகுறியின் பெயர். காரணம் பல இருக்கலாம். வயசானவர்களுக்கு நரம்பு போகும் பாதை குறுகிப் போகலாம். பிரிஃபார்மிஸ் தசை இறுகி நரம்பை அழுத்தலாம். பின் பாக்கெட்டில் தடியான பர்ஸை வைத்து மணிக்கணக்கில் உட்கார்ந்தாலே சிலருக்கு நரம்பு அழுந்தும். ஆனால் வேலை செய்யும் வயதில் முதல் சந்தேகம் டிஸ்க் மேல்தான்.

டிஸ்க் என்பது ஒரு டயர்

இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் குஷன்தான் டிஸ்க். நடுவில் ஜெல்லி மாதிரி ஒரு மையம். அதைச் சுற்றி வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக நார் வளையங்கள். ஒரு அடுக்கில் நார்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் அடுத்த அடுக்கில் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். நம்ம ஆட்டோமொபைல் நண்பர்களுக்கு இது உடனே புரியும்: கிராஸ் பிளை டயர் கட்டுமானம் இதேதான். உள்ளே அழுத்தம், வெளியே குறுக்கும் நெடுக்குமாக நார்.

டயர் எப்போது வெடிக்கும்? ஒரே நாள் ஓவர்லோடில் வெடிக்கலாம். ஆனால் பெரும்பாலும் பக்கச்சுவரில் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டு, ஒரு நாள் சின்னக் குழியில் இறங்கும்போது வெடிக்கும். டிஸ்க்கும் அப்படித்தான். ‘கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிஞ்சேன், பிடிச்சுக்கிச்சு’ என்பார்கள். குற்றவாளி பேனா இல்லை. அதற்கு முன்னால் தூக்கிய ஆயிரக்கணக்கான பாக்ஸ்கள்.

டிஸ்க்கின் பின்சுவர் முன்சுவரை விட மெல்லியது. பின்பக்கம் நடுவில் ஒரு தசைநார் தாங்கிப் பிடிப்பதால், பிதுங்கும் ஜெல்லி பெரும்பாலும் நடுவில் வராமல் ஓரத்தில் வரும். அந்த ஓரத்தில்தான் நரம்பு வேர் இருக்கிறது. வெளியே வந்த ஜெல்லி நரம்பை அழுத்துவது மட்டுமல்ல, அதைச் சுற்றி ரசாயன ரீதியாக வீக்கத்தையும் கிளப்புகிறது. அதனால்தான் சின்னப் பிதுக்கம் ஒருவருக்குப் பயங்கர வலியைத் தருகிறது, இன்னொருவருக்குப் பெரிய பிதுக்கம் இருந்தும் வலியே இல்லை.

இந்த வலி ரொம்பப் பழசு. ஆயுர்வேத நூல்கள் இதை கிருத்ரசி என்கின்றன. கிருத்ரம் என்றால் கழுகு. வலி வந்தவர் கழுகு போலச் சாய்ந்து நடப்பதால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். இத்தாலியின் டொமெனிகோ கொதுன்யோ 1764-ல் இது மூட்டு வலி இல்லை, நரம்பு வலி என்று பிரித்துக் காட்டினார். ஆனால் டிஸ்க்தான் நரம்பை அழுத்துகிறது என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டது 1934-ல், பாஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு டாக்டர்கள் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான்.

எந்த விரல், எந்த வேர்?

வெறும் இடுப்பு வலியும் சியாட்டிகாவும் ஒன்று இல்லை. சியாட்டிகாவில் வலி பொதுவாக ஒரே காலில், முட்டிக்குக் கீழே வரை இறங்கும். கால் வலி இடுப்பு வலியை விட அதிகமாக இருக்கும். இருமினால், தும்மினால், முக்கினால் சுரீர் என்று ஏறும். கூடவே எறும்பு ஊர்கிற மாதிரி, மரத்துப் போன மாதிரி இருக்கலாம்.

பெரும்பாலான பிதுக்கங்கள் கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் வருகின்றன. எல்5 வேர் அழுந்தினால் பாதத்தின் மேல்பக்கமும் பெருவிரல் பக்கமும் மரக்கும், பெருவிரலை மேலே தூக்க பலம் குறையும். எஸ்1 அழுந்தினால் பாதத்தின் வெளி ஓரமும் சுண்டுவிரல் பக்கமும் மரக்கும், ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்க முடியாது. டாக்டர் உங்களை மல்லாக்கப் படுக்க வைத்து, முட்டியை மடக்காமல் காலைத் தூக்கிப் பார்ப்பது நரம்பை இழுத்துப் பார்க்கத்தான். 30 முதல் 70 டிகிரிக்குள் முட்டிக்குக் கீழே வரை வலி ஓடினால் சந்தேகம் பலமாகும். ‘எந்த விரல் மரக்குது?’ என்று கேட்கும் டாக்டர் நேரத்தை வீணாக்கவில்லை, சர்க்யூட் டிரேஸ் பண்ணுகிறார். போகும் முன்னாடியே இதைக் கவனிச்சு வைத்துக்கொண்டு போனால் நல்லது.

15 கிலோ எப்படி 3,500 நியூட்டன் ஆகிறது?

முதல் வருஷ மெக்கானிக்ஸ் ஞாபகம் இருக்கா? ஒரு ஃப்ரீ பாடி டயகிராம் போடுவோம். ஃபல்க்ரம்: எல்5-க்கும் எஸ்1-க்கும் நடுவில் இருக்கும் டிஸ்க். நம்மை நிமிர்த்திப் பிடிக்கும் முதுகுத் தசைக்குக் கிடைப்பது வெறும் 5 சென்டிமீட்டர் நெம்புகோல்.

ஒருவர் நன்றாகக் குனிந்து 15 கிலோ பாக்ஸை 50 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்கிறார். பாக்ஸின் மொமெண்ட்: 150 நியூட்டன் × 0.5 மீட்டர் = 75 நியூட்டன் மீட்டர். குனிந்தால் அவருடைய மேலுடம்பும் லோடுதான். தலை, கை எல்லாம் சேர்த்து 40 கிலோ, அதன் மையம் 25 சென்டிமீட்டர் முன்னால் என்று வைத்தால் 400 × 0.25 = 100. மொத்தம் 175. இதை 5 சென்டிமீட்டர் நெம்புகோலால் சமாளிக்கத் தசை இழுக்க வேண்டியது 175 ÷ 0.05 = 3,500 நியூட்டன். அந்த இழுப்பு முழுசும் டிஸ்க்கின் மேல் அமுக்கமாக இறங்குகிறது. 15 கிலோ பாக்ஸுக்கு 350 கிலோ எடையின் அழுத்தம்!

இப்போது அதே பாக்ஸை இடுப்பு உயரத்தில், நிமிர்ந்து நின்று, 30 சென்டிமீட்டரில் பிடிக்கட்டும். பாக்ஸுக்கு 45, உடம்புக்கு அதிகபட்சம் 20. மொத்தம் 65. தசை இழுப்பு 1,300 நியூட்டன். நேரே கீழே இறங்கும் உடம்பு எடையையும் பாக்ஸ் எடையையும் (550 நியூட்டன்) கூட்டினாலும் 2,000-ஐத் தாண்டவில்லை. இது தோராயக் கணக்குதான். ஆனால் அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் 1981-ல் எச்சரிக்கை எல்லையாக வைத்தது 3,400 நியூட்டன். முதல் ஆள் அந்தக் கோட்டுக்கு மேலே, இரண்டாம் ஆள் ரொம்பக் கீழே. பாக்ஸ் ஒன்றுதான்.

‘முட்டியை மடக்கித் தூக்கு’ என்று சேஃப்டி போஸ்டர் எல்லாத் தொழிற்சாலையிலும் இருக்கும். நல்ல அறிவுரைதான், ஆனால் பாதி. பாக்ஸ் பெரிதாக இருந்து முட்டிகளுக்கு நடுவில் வராவிட்டால், முட்டியை மடக்குவதால் பாக்ஸ் இன்னும் தள்ளிப் போகும், மொமெண்ட் கூடும். முதல் விதி: எதையும் உடம்போடு ஒட்டிப் பிடி. இரண்டாவது: தூக்கிக்கொண்டே திரும்பாதே, பாதத்தை நகர்த்தித் திரும்பு. நார்கள் சாய்வாக இருப்பதால், திருகும்போது பாதி அடுக்குகள் மட்டுமே தாங்குகின்றன, மீதி தளர்ந்துவிடுகின்றன.

இன்னொரு விஷயம். டிஸ்க்குக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. அமுங்கி விரியும்போது ஸ்பாஞ்ச் மாதிரி நீரையும் சத்தையும் உறிஞ்சித்தான் உயிர் வாழ்கிறது. படுத்துத் தூங்கும்போது நீர் ஏறி உப்பும். காலையில் நாம் மாலையை விட ஒன்றரை சென்டிமீட்டர் வரை உயரமாக இருப்பது இதனால்தான். உப்பியிருக்கும் டிஸ்க்கை வளைத்தால் அழுத்தம் அதிகம். ஆகவே எழுந்த முதல் ஒரு மணி நேரம் ஆழமாகக் குனிவதையும் கனம் தூக்குவதையும் தவிர்ப்பது நல்லது. நைட் ஷிஃப்ட் முடித்து மத்தியானம் எழுபவருக்கும் இதே விதிதான். எழுந்தவுடனே குனிந்து தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம்.

பஸ், ஃபோர்க்லிஃப்ட், நின்றபடியே எட்டு மணி நேரம்

தூக்குவது மட்டும் காரணமில்லை. காஞ்சிபுரம், அரக்கோணம், செய்யாறு பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவர்கள் ஒரு நாளைக்குப் பல மணி நேரம் உட்கார்ந்து குலுங்குகிறார்கள். உட்கார்ந்த நிலையில் முதுகெலும்பின் இயற்கை அதிர்வெண் சுமார் 4 முதல் 6 ஹெர்ட்ஸ். வண்டியும் ஃபோர்க்லிஃப்ட்டும் தரும் அதிர்வில் இந்த அளவும் கலந்திருக்கும். ரெசொனன்ஸ் என்ன செய்யும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் ஆட்டம் அதிகம். வலி இருப்பவருக்கு இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் இருக்கும் சீட்டை விட்டுக்கொடுங்க, அதுவும் ஒரு வைத்தியம்தான்.

எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் கனம் குறைவு, ஆனால் நின்றபடியே ஷிஃப்ட். அசையாமல் நிற்பதும் அசையாமல் உட்காருவதும் டிஸ்க்குக்கு ஒன்றுதான், ஸ்பாஞ்ச் வேலை செய்யாது. நின்று வேலை செய்பவர்களுக்கு வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார வசதி இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-வது பிரிவே சொன்னது. காயம் ஏற்படுத்தும் அளவு கனத்தைத் தூக்க வைக்கக் கூடாது என்றது 34-வது பிரிவு. கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைத் தமிழ்நாடு 2021-ல் சட்டமாக்கியபோது நாம் எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தோம். தொழிற்சாலைக்கு அது 70 வருஷத்துக்கு முன்னாடியே எழுதப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது.

இது வந்தால் காத்திருக்காதீங்க

இந்தப் பகுதியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டு குரூப்பில் போட்டுவிடுங்க.

• பைக் சீட்டில் படும் பகுதி, அதாவது தொடை இடுக்கு, பிறப்புறுப்பு, ஆசனவாயைச் சுற்றி மரத்துப் போவது.
• சிறுநீர் வராமல் அடைப்பது, அல்லது தெரியாமலே சிறுநீரோ மலமோ போய்விடுவது.
• இரண்டு காலிலும் வலியோ பலவீனமோ வருவது.
• பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு தேய நடப்பது, பலவீனம் நாளுக்கு நாள் கூடுவது.

முதல் மூன்றும் முதுகெலும்பின் அடியில் இருக்கும் நரம்புக் கொத்து மொத்தமாக அழுந்துவதன் அடையாளமாக இருக்கலாம். இதில் மணி நேரங்கள் முக்கியம். தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போகலாம். ‘ஷிஃப்ட் முடியட்டும்’, ‘திங்கக்கிழமை பாக்கலாம்’ என்பதெல்லாம் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, அறுவைச் சிகிச்சை வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்க. பெண்கள் பலர் இந்த அறிகுறிகளைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். ஹாஸ்டலில் இருக்கும் தோழியிடம் நீங்களே கேளுங்கள்.

காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் குறையாத இரவு வலி, முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்து அடிபட்டது — இவை இருந்தாலும் சீக்கிரம் டாக்டரைப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் முதுகெலும்பில் காசநோய் வருவது அபூர்வமில்லை என்பதை மறக்கக் கூடாது.

ஸ்கேன், மாத்திரை, ஆபரேஷன்

மேலே சொன்ன அபாயம் எதுவும் இல்லையென்றால் முதல் வாரமே எம்.ஆர்.ஐ எடுத்து ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டிய அவசியம் பொதுவாக இல்லை. 1994-ல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்தார்கள். அதில் 52 சதவீதம் பேருக்கு ஒரு டிஸ்க்காவது புடைத்திருந்தது. ஆகவே ரிப்போர்ட்டில் ‘டிஸ்க் பல்ஜ்’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, வாழ்க்கையே முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஸ்கேனும் அறிகுறியும் ஒரே வேரைக் காட்டினால்தான் அர்த்தம்.

பெட் ரெஸ்ட்? நெதர்லாந்தில் 183 பேரிடம் சோதித்து 1999-ல் வெளியிட்டார்கள். படுத்தே இருந்தவர்களுக்கும் முடிந்த அளவு நடமாடியவர்களுக்கும் இரண்டு வாரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வலி உச்சத்தில் இருக்கும் ஓரிரு நாள் படுக்கலாம். அதற்கு மேல் படுத்தால் தசைதான் போகும்.

மெடிக்கல் ஷாப்பில் ‘நரம்பு மாத்திரை’ என்று கேட்டால் கிடைப்பதில் பலவற்றில் பிரகாபலின் இருக்கும். 2017-ல் ஆஸ்திரேலியாவில் 209 பேரிடம் நடந்த சோதனையில், சியாட்டிகாவுக்கு அது வெறும் டம்மி மாத்திரையை விட வலியைக் குறைக்கவில்லை. தலைசுற்றல் மட்டும் அதிகமானது. பிரஸ் மெஷின் முன்னால் நிற்பவருக்குத் தலைசுற்றல் சின்ன விஷயமா? ஆனால் டாக்டர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால் நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள், அவரிடம் கேளுங்கள். வலி மாத்திரையும் வலி ஊசியும் கொஞ்ச நாள் உதவலாம். மாதக்கணக்கில் தானாக வாங்கிப் போட்டால் வயிற்றுப் புண், சிறுநீரகம் இரண்டுக்கும் ஆபத்து. வலியை மரக்க வைத்துவிட்டு அதே பாக்ஸைத் தூக்கப் போவது அதைவிட ஆபத்து.

ஆபரேஷன் பற்றி நல்ல தெளிவு தந்தது நெதர்லாந்தின் 2007 ஆய்வு. 6 முதல் 12 வாரம் கடுமையாக அவதிப்பட்ட 283 பேர். பாதிப் பேருக்குச் சீக்கிரமே ஆபரேஷன், மீதிப் பேருக்குக் காத்திருந்து சிகிச்சை, தேவைப்பட்டால் மட்டும் ஆபரேஷன். சீக்கிரம் செய்தவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது உண்மை. ஆனால் ஒரு வருஷ முடிவில் இரண்டு குழுவிலும் 95 சதவீதம் பேர் குணமாகியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்குக் கடைசியில் ஆபரேஷன் தேவைப்பட்டது, மீதிப் பேருக்குத் தேவைப்படவே இல்லை. பிதுங்கிய ஜெல்லியை உடம்பே அந்நியப் பொருளாக நினைத்து மெல்ல மெல்லக் கரைத்துவிடுவதும் உண்டு. ஆபரேஷன் என்பது கெட்ட வார்த்தையும் இல்லை, முதல் வார்த்தையும் இல்லை.

முதல் ஆறு வாரம் என்ன செய்யலாம்?

நடங்க. ஐந்து நிமிடம், பிறகு பத்து நிமிடம், தரை சமமாக இருக்கும் இடத்தில். உட்கார்ந்தால் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நில்லுங்கள். படுக்கும்போது ஒருக்களித்து, முட்டிகளுக்கு நடுவில் தலையணை. மல்லாக்கப் படுத்தால் முட்டிக்குக் கீழே தலையணை. எழும்போது நேராக எழாமல், பக்கவாட்டில் திரும்பிக் கையை ஊன்றி எழுங்கள். வெந்நீர் ஒத்தடம் தசை இறுக்கத்தைத் தளர்த்தும்.

உடற்பயிற்சி எல்லோருக்கும் ஒன்று இல்லை. சிலருக்குக் குப்புறப் படுத்துக் கையை ஊன்றி மேலுடம்பை நிமிர்த்தினால் குறையும், சிலருக்கு அதுவே ஏறும். ஒரு சுலபமான அளவுகோல்: பயிற்சி செய்தபின் வலி பாதத்திலிருந்து இடுப்பை நோக்கி மேலே ஏறிச் சுருங்கினால் நல்ல வழி. பாதத்தை நோக்கி இன்னும் கீழே இறங்கினால் நிறுத்துங்க. யூடியூப் பார்த்துக் குனிந்து காலைத் தொடும் பயிற்சி வேண்டாம். பிசியோதெரபிஸ்ட் ஒருவரை இரண்டு தடவையாவது பாருங்கள். அரசு தலைமை மருத்துவமனைகளில் அதற்குத் தனிப் பிரிவு உண்டு. நடக்கவே முடியாத பெரியவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள்.

சுளுக்கு எடுக்கிறேன் என்று இடுப்பைத் திருகி ‘டக்’ என்று சத்தம் வரவைப்பதும், குழந்தையை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வதும் வேண்டாம். கால் மரத்திருக்கும்போது இது விளையாட்டில்லை. இடுப்பு பெல்ட்? அமெரிக்காவில் 9,377 கடை ஊழியர்களைத் தொடர்ந்து பார்த்து 2000-ல் வெளியிட்ட ஆய்வில், பெல்ட் போட்டவர்களுக்கு முதுகுக் காயம் குறையவில்லை. பீடி, சிகரெட் டிஸ்க்குக்குப் போகும் சத்தைக் குறைக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

லீவு கிடைக்குமா?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். குணமாக ஆறு வாரம் என்றால், ஆறு வாரச் சம்பளம்?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை (2017 முதல் உள்ள வரம்பு) இருப்பவர்கள் இ.எஸ்.ஐ-யில் வருவார்கள். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இது உண்டு. காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் முதன்மை நிறுவனம் பொறுப்பு. 2019 ஜூலையிலிருந்து தொழிலாளி பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். பே ஸ்லிப்பில் இந்தப் பிடித்தம் இருக்கா என்று பாருங்கள்.

இதில் பலருக்குத் தெரியாதது: இ.எஸ்.ஐ வெறும் மருந்துச் சீட்டு இல்லை. நோய்க்கால உதவித்தொகை என்று ஒன்று உண்டு. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்காவது பணம் கட்டப்பட்டிருந்தால், இ.எஸ்.ஐ டாக்டர் சான்று தரும் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். வேலையில் நடந்த விபத்து என்றால் தற்காலிக இயலாமை உதவி 90 சதவீதம், அதற்கு 78 நாள் கணக்கு தேவையில்லை. ஆகவே பாக்ஸைத் தூக்கும்போது அந்த நொடியே இடுப்பு பிடித்தால், ‘சரியாயிடும்’ என்று விடாமல் அன்றைக்கே சூப்பர்வைசரிடம் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். தேதி, நேரம், என்ன தூக்கினீர்கள் எல்லாம் வேண்டும். எழுதாத விபத்து நடக்காத விபத்து ஆகிவிடும்.

அப்ரண்டிஸ் சட்டப்படி சேர்பவர்கள் இ.எஸ்.ஐ-யில் வரமாட்டார்கள். நம்மில் பலர் அடுத்த வருஷம் அப்படித்தான் சேரப்போகிறோம். ஆனால் 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் 16-வது பிரிவு, பயிற்சியின்போது விபத்தில் காயம் பட்டால் நிறுவனம் நஷ்ட ஈடு தர வேண்டும் என்கிறது. கையெழுத்துப் போடும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளை மாத்தாதீங்க, பாக்ஸ் இருக்கும் இடத்தை மாத்துங்க

கடைசியாக நம்ம டிபார்ட்மென்ட் வேலை. நயோஷ் 1991-ல் திருத்திய லிஃப்டிங் ஈக்வேஷன் ரொம்ப எளிமையானது. எல்லாம் சரியாக இருந்தால் தூக்கக்கூடிய எடை 23 கிலோ. ஒவ்வொரு குறைக்கும் ஒரு பெருக்கல் எண் போட்டு அதைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும்.

தரையில் இருக்கும் பேலட்டிலிருந்து 15 கிலோ பாக்ஸை எடுத்து, 45 டிகிரி திரும்பி, 75 சென்டிமீட்டர் உயரத்தில் வைக்கும் ஒரு ஸ்டேஷனை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஒன்று, எட்டு மணி நேரம்.

• பாக்ஸ் 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது: 25 ÷ 50 = 0.5. 23 கிலோ 11.5 ஆகிறது.
• தரையிலிருந்து எடுப்பதற்கு 0.775. இப்போது 8.9 கிலோ.
• 75 சென்டிமீட்டர் மேலே கொண்டுபோவதற்கு 0.88. இப்போது 7.8 கிலோ.
• 45 டிகிரி திருகலுக்கு 0.856. இப்போது 6.7 கிலோ.
• நிமிடத்துக்கு ஒன்று, எட்டு மணி நேரம் என்பதற்கு 0.75. கடைசியில் 5 கிலோ.

5 கிலோ தூக்க வேண்டிய இடத்தில் 15 கிலோ. மூன்று மடங்கு.

இப்போது பேலட்டை 75 சென்டிமீட்டர் உயர ஸ்டாண்டில் வைப்போம். அதை ஆளுக்கு நேராகத் திருப்பிவிடுவோம். முன்னால் மறிக்கும் தடுப்பை எடுத்துவிட்டால் பாக்ஸ் 30 சென்டிமீட்டருக்கு வரும். 23 × 0.83 × 0.75 = 14 கிலோவுக்குச் சற்று மேல். அதே பாக்ஸ், அதே ஆள், அதே டாக்ட் டைம். மூன்று மடங்காக இருந்தது ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. செலவு? ஒரு ஆங்கிள் ஸ்டாண்டும் வெல்டர் ஒருவரின் அரை நாளும்.

இந்தக் கணக்கில் எங்கேயும் தொழிலாளியின் ‘உடம்பு வாகு’, ‘கவனக் குறைவு’ என்று ஒரு எண் இல்லை. இருப்பதெல்லாம் தூரம், உயரம், கோணம், எத்தனை தடவை என்பது மட்டும். அத்தனையும் டிராயிங்கில் இருக்கும் அளவுகள். டிராயிங்கைப் போடுகிறவர் 30 என்று எழுதுவாரா, 50 என்று எழுதுவாரா என்பதில்தான் யாரோ ஒருவரின் எல்5 நரம்பு வேர் இருக்கிறது.

அடுத்த வருஷம் நம்மில் சிலர் ஒரகடத்திலோ வல்லம் வடகாலிலோ ஒரு லைன் பக்கத்தில் டேப் பிடித்துக்கொண்டு நிற்போம். டேப்பைத் தரையில் வைத்து லேஅவுட் அளப்பதற்கு முன்னால், ஆபரேட்டரின் கணுக்காலிலிருந்து பாக்ஸ் வரை ஒரு தடவை அளந்து பாருங்கள். 25-க்கு மேல் வரும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் விலை இருக்கிறது. அதைக் கட்டுவது நாம் இல்லை.